ஆண்டுக்குக் கீழே வைரக்குறி

நுகர்வோர் வழக்கு என்றால் பெரும்பாலும் பொருள் பழுதாகியிருக்கும். இந்த வழக்கில் பொருள் பளபளவென்று இருந்ததுதான் புகாரே.

காமராஜர் நூற்றாண்டுக்காக மத்திய அரசு நூறு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களை வெளியிட்டது. ஐந்து ரூபாய் புழக்கத்துக்கும் வந்தது. நூறு ரூபாய், பாதி வெள்ளி கலந்த 35 கிராம் நாணயம், சேகரிப்பவர்களுக்கு மட்டும். பெருந்தலைவர் பிறந்த விருதுநகர்ச் சீமையில் இதற்குத் தனி மவுசு. மல்லாங்கிணறுத் தம்பி ஒருவர், சிவகாசி ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்ப்பவர், இரண்டும் சேர்ந்த மும்பை ப்ரூஃப் செட் என்று ஒரு வியாபாரியிடம் சில ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தார்.

ப்ரூஃப் என்பது காட்சிக்கென்றே அடிக்கும் நாணயம். மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய வில்லையை வைத்து, ஒரு தடவைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள். பின்புலம் கண்ணாடி மாதிரி முகம் காட்டும். உருவம் மட்டும் பனி படிந்தாற்போல் மங்கலாக எழுந்து நிற்கும். தம்பியின் ஐந்து ரூபாயில் தலைவரின் முகமும் பின்புலமும் ஒரே மினுமினுப்பு. எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தது. அச்சுத் தாளில் புள்ளி பார்க்கும் லென்ஸை வைத்து, ஒரே பக்கமாக ஓடிய மெல்லிய கீறல்களை அவருடைய வக்கீலான எனக்குக் காட்டினார்.

நுகர்வோர் மன்றத்தில் நாங்கள் போட்ட மனுவுக்கான பதிலுரையில் வியாபாரி, "மனுதாரரே புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்" என்றார். சாமர்த்தியமான வாதம். தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பவர்கள் சீந்த மாட்டார்கள். யார் தேய்த்தது என்பதற்கோ சாட்சி கிடையாது. பாத்திரம் மாதிரி நாணயத்தையும் விளக்குகிற வீடுகள் நம்மூரில் ஏராளம் என்பதால் மன்றமும் நம்பியிருக்கும். போதாக்குறைக்கு, அப்போதிருந்த 1986 நுகர்வோர் சட்டத்தின் 13-வது பிரிவைக் காட்டி நாணயத்தை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி வியாபாரி தரப்பில் மனுவும் போட்டார்கள். அனுப்பியிருந்தால் வழக்கு வருஷக்கணக்கில் இழுத்திருக்கும்.

நான் தேய்த்த கதைக்கே போகவில்லை. நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே பார்க்கச் சொன்னேன். எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்பதற்கான குறி அங்கே இருக்கும். ஹைதராபாத் என்றால் நட்சத்திரம், நொய்டா என்றால் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. மும்பை புழக்க நாணயத்தில் வைரக்குறி இருக்கும். ப்ரூஃப் என்றால் 'எம்' எழுத்து. அந்தப் பெட்டியில் நூறு ரூபாயில் 'எம்' இருந்தது. ஐந்து ரூபாயில் வைரம். அதாவது, செட்டின் ஐந்து ரூபாயை எடுத்துவிட்டு, கடைத்தெருவில் கைமாறிய ஒன்றைத் துலக்கி வைத்திருக்கிறார்கள். எத்தனை கிலோ புளி போட்டுத் தேய்த்தாலும் 'எம்' வைரமாகாது.

உறுப்பினர்கள் லென்ஸைக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஆய்வக மனு தள்ளுபடி ஆனது. வாங்கிய விலையையும் வழக்குச் செலவையும் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி வியாபாரிக்கு உத்தரவு. மனஉளைச்சலுக்கு நான் கேட்ட தொகையைத் தரவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

பில்லில் 'மும்பை ப்ரூஃப் செட்' என்று எழுதியிருந்ததால் நிற்க முடிந்த வழக்கு இது. வெறும் 'காமராஜர் காசு' என்றிருந்தால் நான் மனுவே போட்டிருக்க மாட்டேன். வாங்குகிறவர்கள் எழுதி வாங்குங்கள்.