மிகையாய்க் கிடந்த பட்டை

சேலத்திலிருந்து தெற்கே மல்லூரையும் ஆண்டகளூர்க் கேட்டையும் புதுச்சத்திரத்தையும் தாண்டி நாமக்கல்லுக்குப் போகும் நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்கிறவர்கள், தூரத்துக் குன்றுகளையும் கோழிப் பண்ணைகளின் நீண்ட கூரைகளையும் பார்த்துக்கொண்டே போய்விடுவது வழக்கம். ஆனால் அந்தச் சமவெளியின் ஜீவநாடி எங்கே துடிக்கிறது என்று அறிய விரும்புகிறவர், சாலையோரத்துப் பட்டறைகளின் முன்னே சற்று இறங்கி நிற்க வேண்டும். 1997-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிய நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சமையல் எரிவாயு சுமக்கும் டேங்கர்களைப் பராமரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துத் திருச்செங்கோட்டிலோ தேசம் முழுவதும் சென்று ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இவர்கள் அனைவருக்கும் என்றாவது ஒருநாள் கட்டாயம் தேவைப்படுகிறவர் ஸ்பிரிங் பட்டறைக்காரர்.

அட்டைக்கு 30 முட்டை என்று அடுக்கடுக்காக ஏற்றிக்கொண்டு கேரளத்துக்கு ஓடும் வண்டியும், சங்ககிரியில் சிமெண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு புறப்படும் வண்டியும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளாலான அதே ஸ்பிரிங்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆகையால் இந்தப் பிரதேசத்தில் ஸ்பிரிங்கைப் பற்றிய சம்பாஷணை எல்லாம் பாரத்தைப் பற்றிய சம்பாஷணையாகவே இருக்கிறது. பிரயாணியின் சௌகரியத்தைப் பற்றி அங்கே வாய் திறப்பவர் அபூர்வம். முட்டைக்குக் காட்டுகிற கரிசனத்தில் பாதியையாவது பின்னாசனத்தில் உட்காருகிற மனிதனுக்குக் காட்டலாகாதா என்று என் நண்பர் ஒருவர் அங்கலாய்ப்பதுண்டு.

அந்த நண்பர் ராசிபுரத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையைத் தழுவி, வங்காளத்தில் உத்தர்பாராவிலே உருவாகி, 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடர் வண்டிகளுள் ஒன்று அவரிடம் இருக்கிறது. அதை விற்றுவிடும்படி பிள்ளைகள் சொல்வதை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. கொஞ்ச காலமாக அந்த வண்டி பள்ளத்தில் இறங்கினால் அடிவயிறு கலங்கும்படி குத்தியது. மேட்டில் ஏறினால், ஏறி முடித்த பிறகும் ஆடிக்கொண்டே இருந்தது. முன்பு ஒரு பட்டறையில் இந்தக் குறையைச் சொன்னபோது, 'பின்பக்கம் பலம் பற்றவில்லை' என்று தீர்ப்பளித்து, இரு பக்கத்து ஸ்பிரிங்கிலும் ஒவ்வொரு பட்டையை அதிகமாகச் செருகிக் கொடுத்திருந்தார்கள். வண்டியின் பின்புறம் கம்பீரமாக உயர்ந்தது உண்மை. நண்பரின் இடுப்பு வலியும் கூடவே உயர்ந்தது. புதிய ஷாக் அப்சார்பர் இரண்டு வாங்கி மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி அவர் நாமக்கல்லுக்குப் புறப்பட்டபோது, நானும் உடன் சென்றேன்.

நாங்கள் போன பட்டறை தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. வாசலில் கழற்றிய லாரிப் பட்டைகள் நீளவாரியாகக் குவிந்து கிடந்தன. உள்ளே ஓர் உலை, ஒரு பெரிய பட்டடைக்கல், சுவரோரமாகச் சாய்த்து வைத்த பல எடைச் சம்மட்டிகள், எண்ணெய் நிரம்பிய ஒரு தொட்டி. மேஸ்திரிக்கு அறுபது வயதை ஒட்டியிருக்கலாம். இரும்போடு இரும்பு மோதும் ஓசையிலேயே ஆயுளைக் கழித்ததனால் அவருக்குக் காது சற்று மந்தம். எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொண்டார். நண்பர் தம் வண்டியின் சரித்திரத்தை இலக்கண சுத்தமாக எடுத்துரைக்கத் தொடங்கியதும், அவர் கையமர்த்திவிட்டுச் சட்டென்று வண்டியின் அடியில் நுழைந்தார். பின்சக்கரங்களின் உட்புறம் நிற்கும் இரண்டு ஷாக்குகளின் உடலையும் கையால் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாரய்யா, வர்ற வழியில ரோடு மோசமுங்களா?"

"ராசிபுரத்திலிருந்து ஊர் வழியாகக் குறுக்கே வந்தோம், மேஸ்திரி. வழியெல்லாம் பள்ளந்தான்."

"அப்படின்னா ரெண்டும் கையில சுடோணுமுங்க. இடது பக்கம் பச்சத் தண்ணியாட்டம் இருக்குதுங்க. அது செத்துப்போச்சு. வலது பக்கமும் எண்ணெய் கசியுது, பாருங்க."

இந்த ஒரு பரீட்சையில் யந்திர சாஸ்திரத்தின் ஒரு முக்கியமான தத்துவம் அடங்கியிருப்பதை எண்ணி வியந்தேன். ஷாக் அப்சார்பர் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது என்பது பொதுஜன அபிப்பிராயம். அம்பாஸிடரில் முன்புறம் பாரத்தைத் தாங்குபவை முறுக்குக் கம்பிகள். பின்புறம் தாங்குபவை பட்டை ஸ்பிரிங்குகள். பள்ளத்தில் இறங்கிய சக்கரத்தின் அதிர்ச்சியை ஏற்று வளைந்து கொடுப்பதும் அவைதாம். ஆனால் வளைந்த எஃகு, வாங்கிய சக்தியை வைத்துக்கொள்ளாது. உடனே திருப்பிக் கொடுத்துவிடும், வண்டி மேலே எழும்பும், மறுபடி கீழே அமிழும். ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலைப் பக்கத்தில் நிற்கும் ஒருவர் கையால் மெல்லத் தடவி நிறுத்துவதைப் போல அந்த ஆட்டத்தை அடக்குவதொன்றே ஷாக்கின் தர்மம். அதனுள்ளே இருக்கும் பிஸ்டன், எண்ணெயை மிக நுண்ணிய துவாரங்களின் வழியாகப் பிதுக்கித் தள்ளுகிறது. அந்தச் சிரமத்தில் ஆட்டத்தின் சக்தி உஷ்ணமாக மாறிக் காற்றோடு போகிறது. ஆகவே கெட்ட சாலையில் ஓடிவந்த பிறகும் சூடேறாமல் இருக்கும் ஷாக், வேலை செய்யாத ஷாக் என்பதில் சந்தேகமில்லை.

இந்த அடக்கத்தின் அவசியத்தை மோட்டார் உலகம் ஆரம்பத்தில் உணரவில்லை. அடுக்குப் பட்டை ஸ்பிரிங் குதிரை வண்டிக் காலத்துச் சொத்து; பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே அந்த வேகத்துக்குப் போதுமான தடையாக இருந்தது. மோட்டாரின் வேகம் வந்த பிறகுதான் தனியாக ஓர் அடக்கும் உபகரணம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் கிளீவ்லண்டு நகரத்துக் கிளாடு பாஸ்டர் என்பவர், இறுதி நாளில் எக்காளம் ஊதும் தேவதூதர் கேப்ரியேலின் பெயரால் முதலில் ஒரு மோட்டார் ஊதுகுழல் செய்து விற்றார். பிறகு, மேலெழும்பும் வண்டியை ஒரு வாரின் உராய்வால் இழுத்துப் பிடிக்கும் கருவியையும் அதே பெயரில் விற்றார். வாருக்குப் பதிலாக எண்ணெய் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் 1961-இல் இந்தியாவில் தொடங்கிய கேப்ரியேல் கம்பெனியின் பெட்டிகள், இதே நெடுஞ்சாலையில் வடக்கேயுள்ள ஓசூர்த் தொழிற்சாலை உட்படப் பல இடங்களிலிருந்து வந்து நம் ஊர் உதிரிபாகக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. தேவதூதரின் பெயர் கிரீஸ் படிந்த அலமாரியில் இருப்பதைக் கிறிஸ்தவ நண்பர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, துருவேறிய யூ போல்ட்டுகளின் மரைகளில் டீசலை ஊற்றி ஊறவைத்த பிறகு, மேஸ்திரியின் உதவியாட்களாகிய இரண்டு இளைஞர்கள் ஸ்பிரிங்கை இறக்கினார்கள். சென்டர் போல்ட்டைக் கழற்றியதும் பட்டைகள் தனித்தனியாகப் பிரிந்தன. அவற்றின் நடுவே, நிறத்திலும் கனத்திலும் வளைவிலும் மற்றவற்றோடு சேராமல், வேறு ஏதோ பெரிய வண்டியிலிருந்து வெட்டி எடுத்ததென்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்படி, அந்த மிகையான பட்டை கிடந்தது. மேஸ்திரி அதைக் காலால் ஒதுக்கித் தள்ளினார்.

"காரு தூக்கித் தூக்கிப் போடுதுன்னா பட்டை பத்தலைன்னு யாருங்க சொன்னது? லாரிக்குப் பார்க்கிற வைத்தியத்தைக் காருக்குப் பார்த்துட்டாங்க."

அவர் சொன்னதை நான் என் பாஷையில் விளக்கிக்கொண்டேன். வண்டி விநாடிக்கு ஒரு தடவையிலிருந்து ஒன்றரைத் தடவைக்குள் மெல்ல எழுந்து அமருமானால், அது நடைக்குப் பழகிய மனித உடம்புக்குச் சுகமாக இருக்கிறது. அதே ஆட்டம் துரிதமாகி விநாடிக்கு நாலு முதல் எட்டு வரை போகுமானால், வயிறும் முதுகெலும்பும் சேர்ந்து அதிர்ந்து, பிரயாணம் தண்டனையாகிறது. பட்டை கூடக் கூட ஸ்பிரிங் விறைக்கிறது. விறைக்க விறைக்க ஆட்டம் துரிதமாகிறது. துரிதமான ஆட்டத்தை அடக்க ஷாக்கும் அதிகம் பாடுபட வேண்டும். நண்பரின் வண்டியிலோ ஷாக் ஏற்கெனவே உயிரை விட்டிருந்தது. பத்து டன் ஏற்றுகிற வண்டிக்கு விறைப்பு உத்தமமான குணம்தான். ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும் இரண்டு பைக் காய்கறியும் மட்டுமே ஏறுகிற வண்டிக்கு அது எதற்கு?

மெயின் பட்டை தன் வளைவைச் சிறிது இழந்திருந்தது. மேஸ்திரி சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வில்லை வரைந்தார். அளவுகோல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பட்டையைப் பட்டடைக்கல்லின் மேல் ஒருவர் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த, அவர் சீராகச் சம்மட்டியைப் போட்டுக்கொண்டே வந்தார். இடையிடையே தரையிலுள்ள கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பதும், மறுபடி தூக்கி அடிப்பதுமாக வேலை நடந்தது. சொற்ப வளைவுக்குத்தான் இந்தக் குளிர் அடி சரிப்படும் என்றும், நன்றாக அமிழ்ந்துபோன பட்டையை உலையில் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் தோய்த்து, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்தாவிட்டால், சில மாதங்களில் அது பழைய புத்தியைக் காட்டிவிடும் என்றும் அவர் சொன்னார். துருவைத் தேய்த்து எடுத்துப் பட்டைகளின் இடையே கிராபைட் கிரீஸ் தடவியபோதுதான், இத்தனை நாளும் அவை ஒன்றோடொன்று நகராமல் இறுகி, ஒரே இரும்புத் தடியைப் போல் வேலை செய்திருக்கின்றன என்பது எனக்குப் பிரத்தியட்சமாகத் தெரிந்தது.

இதைவிட நுட்பமான வேலை ரப்பர் புஷ்களில் இருந்தது. ஸ்பிரிங்கின் முனையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளிலும் ஷாக்கின் இரு முனைகளிலும் உள்ள இந்தச் சிறிய ரப்பர் வளையங்கள் கல்லாகக் காய்ந்து வெடித்திருந்தன. புதியவற்றைப் பொருத்திய இளைஞன் நட்டை இறுக்க ஸ்பேனரைப் போட்டதும், மேஸ்திரி காது மந்தத்தையும் மீறி அந்த ஓசையைக் கேட்டுவிட்டார் போலும்.

"டேய் தம்பி, விடு விடு! வண்டி கீழ எறங்கட்டும், அப்புறம் முறுக்கு."

வண்டி தூக்கி நிற்கும்போது ஸ்பிரிங் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் நட்டை இறுக்கிவிட்டால், வண்டி தன் சக்கரங்களின்மேல் நின்றவுடனே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். நிற்கும்போதே முறுக்கிக்கொண்ட ரப்பர் ஓடும்போது சீக்கிரம் கிழியும், ஸ்பிரிங்கின் சுயேச்சையான அசைவையும் தடுக்கும். விலையுயர்ந்த ஷாக்கை வாங்கி மாட்டிவிட்டு, வண்டி முன்போலவே இருக்கிறது என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் பலர், உண்மையில் இந்த ஒரு நட்டின் முறையற்ற இறுக்கத்தால் ஏமாந்தவர்கள் என்றே நினைக்கிறேன்.

ஷாக்குகளின் விஷயம் சீக்கிரம் முடிந்தது. மிகவும் கடினமான, விலை அதிகமான ரகம் ஒன்றை நண்பர் விரும்பினார். மேஸ்திரி கம்பெனி ரகமே போதும் என்று சொல்லிவிட்டார். பெட்டியிலிருந்து எடுத்த ஒவ்வொன்றையும் நிமிர்த்திப் பிடித்து, உள்ளே எண்ணெயோடு கலந்திருக்கும் காற்று பிரியும்வரை பல தடவை இழுத்து அமுக்கினார். பளபளக்கும் தண்டை இடுக்கியால் பிடிக்கவே கூடாது என்று இளைஞர்களை எச்சரித்தார். அதில் ஒரு கீறல் விழுந்தால் எண்ணெய்ச் சீல் கிழிந்து, புதியதும் சீக்கிரம் பழையதாகிவிடும். ஒன்று கெட்டாலும் இரண்டையும் மாற்றுவதுதான் முறை. முன்புறத்து ஷாக்குகள் நன்றாகவே இருந்ததனால் அவற்றைத் தொடவில்லை. கடைசியில், டயர்களில் யாரோ தாராளமாக அடைத்திருந்த காற்றை அளவாக இறக்கினார். அதற்குக் காசில்லை. ஆனால் அன்று கிடைத்த சுகத்தில் அதற்கும் ஒரு நல்ல பங்கு உண்டு.

சேந்தமங்கலத்தையும் காளப்பநாயக்கன்பட்டியையும் கடந்து, கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகிற காரவள்ளி அடிவாரம் வரை ஓட்டிப் பார்த்தோம். வண்டி புதியதாகிவிட்டதென்று சொல்ல மாட்டேன். கூர்மையான கல்லின் விளிம்பு இன்னும் ஆசனம்வரை வந்து செய்தி சொல்லத்தான் செய்தது, கதவுகளின் கடகடப்புக்கு மேஸ்திரி பொறுப்பல்ல. ஆனால் ஊருக்கு ஊர் குறுக்கே படுத்திருக்கும் வேகத்தடைகளில் வண்டி ஒருமுறை எழுந்து ஒருமுறை அமர்ந்தது, அதோடு சரி. நண்பர் நெடுநாளைக்குப் பிறகு வண்டி ஓட்டிக்கொண்டே பேசினார்.

திரும்பிவந்து கூலியைக் கொடுக்கும்போது தொழிலைப் பற்றி விசாரித்தேன். புதிய லாரிகளில் இரண்டு மூன்று பட்டைகளே கொண்ட பரவளைய ஸ்பிரிங்குகள் வருகின்றன. பெரிய பஸ்களுக்குக் காற்றுப் பைகள் வந்துவிட்டன. சம்மட்டிக்கு வேலை குறைகிறது. உள்ளூர்ப் பையன்கள் இந்தச் சூட்டுக்கும் சத்தத்துக்கும் வருவதில்லை. அன்று உதவிய இருவரும் பீகாரிலிருந்து வந்தவர்கள், 'பட்டை', 'முறுக்கு', 'எறக்கு' என்ற சொற்களில் அவர்களுடைய தமிழ் பூர்த்தியாகிவிடுகிறது. மேஸ்திரி இதையெல்லாம் வருத்தமாகச் சொல்லவில்லை, விவரமாகச் சொன்னார். பழைய லாரிகள் ஓடுகிறவரை தமக்குப் பிழைப்பு உண்டு என்பது அவருடைய கணக்கு.

ஒதுக்கிப் போட்டிருந்த இரண்டு பட்டைகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது.

"பழைய இரும்புக் கடையில கிலோக் கணக்குல எடுத்துக்குவாங்க. ஆசாரிகிட்டக் குடுத்தீங்கன்னா அருவா அடிச்சுக் குடுப்பாருங்க. இதைவிட நல்ல இரும்பு கிடைக்காது."

நண்பர் இரண்டையும் டிக்கியில் போடச் சொன்னார். தென்னை மட்டை கழிக்க ஒன்று, வேலி முள் வெட்ட ஒன்று. பிடிக்கு வேல மரமா, புளிய மரமா என்பதில்தான் புதுச்சத்திரம் தாண்டும்வரை அவருக்கு ஒரு முடிவு ஏற்படவில்லை.