நேவல் பேஸ் தெருக்களில் ஒரு காலை

செம்பவாங் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கிக் கடல் இருக்கும் திசையில் நடந்தால், பாஸ்போர்ட் இல்லாமலேயே பல நாடுகளைக் கடந்துவிடலாம். கேன்பரா, வெலிங்டன், மாண்ட்ரியல், டர்பன், மால்ட்டா, ஜிப்ரால்டர்... எல்லாம் தெருப் பெயர்கள். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கொடி பறந்த ஊர்கள். பெயர் வைத்தவர்கள் மூட்டை கட்டிப் போய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இன்று கேன்பரா என்றால் நமக்கு 2019இல் திறந்த எம்ஆர்டி நிலையமும் அதைச் சுற்றி எழும்பிய வீவக அடுக்குமாடிகளும்தான்.

என் வயதுக்காரர்களுக்குச் செம்பவாங் என்றால் வெந்நீர் ஊற்று. 70 டிகிரி நீரில் முட்டை அவிக்க, விடுமுறை நாள்களில் வாளியோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள். எங்கள் பெற்றோர் தலைமுறைக்கு அது ‘நேவல் பேஸ்’. தமிழில் பேசும்போதும் அவர்கள் கடற்படைத் தளம் என்று சொல்லிக் கேட்டதில்லை. “அப்பாவுக்கு நேவல் பேஸ்ல வேலை” என்றால் போதும். அந்தக் குடும்பம் எங்கே குடியிருந்தது, எந்தக் கடையில் சாமான் வாங்கியது என்பது வரை எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

நட்பு நாடாகவே இருந்தாலும் அதன் ராணுவத்துக்கு நம் மண்ணில் இடம் தரலாமா? ஜப்பானின் ஒக்கினாவாவிலும் பிலிப்பீன்சிலும் இந்தக் கேள்வி ஊர்வலமாகவும் வழக்காகவும் வாக்கெடுப்பாகவும் நடக்கிறது. நம் ஊரில் அது சத்தமில்லாமல் குடியிருக்கும் இடம் செம்பவாங். அதைப் பார்க்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முட்டை எடுக்காமல் கிளம்பினேன்.

நிலையத்துக்குப் பக்கத்திலேயே புக்கிட் கேன்பரா. உணவங்காடி, நீச்சல் குளம், பலதுறை மருந்தகம் எல்லாம் ஒரே வளாகத்தில். அதற்குள்ளேயே ஒரு மேட்டில் நிற்கிறது பழைய அட்மிரல்ட்டி ஹவுஸ். இரண்டாம் உலகப் போர் தொடங்கும் காலத்தில் கட்டிய பங்களா; 2002 முதல் தேசிய நினைவுச்சின்னம். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதிகள் குடியிருந்த மேட்டைச் சுற்றி இப்போது பாட்டிமார்கள் கையை வீசி நடக்கிறார்கள். நான் ஒரு பரோட்டாவும் தே தாரிக்கும் முடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு நடந்தேன். வெயில் ஏறுவதற்குள் கடலோரம் போய்விடுவது நல்லது.

கேன்பரா சாலை போய்ச் சேரும் அட்மிரல்ட்டி சாலையின் மேற்குப் பக்கம் கப்பல் பட்டறை. உள்ளே போக முடியாது. வேலிக்கு மேலே பாரந்தூக்கிகளின் தலை மட்டும் தெரியும். உள்ளேதான் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலான உலர் துறை இருக்கிறது. கப்பலை உள்ளே விட்டு, வாயிலை மூடி, நீரை இறைத்துவிட்டு அடிப்பாகத்தைப் பழுதுபார்க்கும் ராட்சதத் தொட்டி அது. சுமார் 1,000 அடி நீளம். 1938 பிப்ரவரி 14 அன்று திறந்தபோது உலகின் பெரிய உலர் துறைகளில் ஒன்று. ஆசியாவில் ஜப்பானைத் தடுத்து நிறுத்தப் போகும் கோட்டை என்று லண்டன் நம்பிய தளம்.

நடந்தது நமக்குத் தெரியும். அனுப்பிய இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தான் அருகே கடலில் மூழ்கின. சிங்கப்பூர் விழுவதற்கு முன்பே பிரிட்டிஷ் கடற்படை இந்தத் தளத்தைக் கைவிட்டது. வெளிநாட்டுத் தளம் இருந்தால் பாதுகாப்பு நிச்சயம் என்று யாராவது அடித்துப் பேசினால், அவரை இந்த வாசலுக்குத்தான் கூட்டிவர வேண்டும்.

ஆனால் போருக்குப் பிறகு அவர்கள் திரும்பி வந்தார்கள், தளமும் வளர்ந்தது. நம் கதை அதிகம் இருப்பது அந்த ஆண்டுகளில்தான். வெல்டர், ஃபிட்டர், பெயின்டர், கிராணி, காவலாளி என்று ஆயிரக்கணக்கில் இந்தியத் தொழிலாளர்கள் இங்கு இருந்தார்கள். மலையாளிகள் மிக அதிகம். ‘குட்டிக் கேரளம்’ என்றே செம்பவாங்கைச் சொல்வதுண்டு. நேவல் பேஸ் கேரள நூலகம் என்று ஒன்று இருந்தது. தமிழர்களும் குறைவில்லை. இன்று ஈசூனில் பங்குனி உத்திரத்துக்குக் காவடியோடு நாம் போகும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், 1960களில் கேன்பரா சாலைப் பக்கம் ஒரு மரத்தடியில் தொடங்கியது. பின்னால்தான் ஈசூனுக்கு இடம் மாறியது. பெயரில் உள்ள மரம் அந்த மரம்.

சில மாதங்களுக்கு முன் வானொலி நிகழ்ச்சியில் பழைய நேவல் பேஸ் பற்றிக் கேட்டிருந்தேன். அரை மணி நேரத்துக்குத்தான் திட்டம்; தொலைபேசி நிற்கவே இல்லை. ஒரு தாத்தா, வேலை தொடங்கும் சைரன் எப்படி ஊதும் என்று வாயாலேயே ஊதிக் காட்டினார். ஒலிப்பதிவு அறையில் நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அடுத்து வந்த அம்மா பேசியபோது சிரிப்பு நின்றுவிட்டது. தளம் மூடப்போகிறது என்று தெரிந்ததும் அவருடைய அப்பா பணிக்கொடையை வாங்கிக்கொண்டு, மனைவி, சின்னப் பிள்ளைகளோடு ‘ரஜுலா’ கப்பலில் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டாராம். வேலையில் சேர்ந்திருந்த அண்ணனும், அப்போதுதான் மணமாகியிருந்த இவரும் மட்டும் இங்கே. அதன் பிறகு அந்தக் குடும்பம் ஒரே வீட்டில் சேர்ந்து ஒரு தீபாவளி கொண்டாடவில்லை.

அந்தக் கப்பல் பயணத்துக்குக் காரணம் லண்டனில் இருந்தது. பவுண்டின் மதிப்பு சரிந்து, செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயத்தில், 1968 ஜனவரி 16 அன்று பிரதமர் ஹெரால்ட் வில்சன் அறிவித்தார்: 1971 முடிவதற்குள் சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைகள் திரும்பிவிடும். அதற்குச் சில நாள் முன்புதான் லீ குவான் யூ லண்டனுக்குப் பறந்து வாதாடியிருந்தார். அதன் பலனாகக் கிடைத்தது சில மாதங்கள்: 1971 மார்ச் என்று எண்ணியிருந்த கெடு அவ்வாண்டு டிசம்பருக்குத் தள்ளிப்போனது.

ஏன் அந்தச் சில மாதங்களுக்கு அத்தனை போராட்டம்? சிங்கப்பூரின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 20 விழுக்காடு பிரிட்டிஷ் ராணுவச் செலவிலிருந்து வந்தது. தளங்களில் நேரடியாக 30,000 வேலைகள், அவற்றைச் சார்ந்து இன்னும் 40,000 வேலைகள் என்று அப்போது கணக்கிட்டார்கள். சமைப்பவர், துணி வெளுப்பவர், தையல்காரர், பிள்ளை பார்ப்பவர் எல்லாரும் அதில் அடக்கம். குடியுரிமை உள்ளவர்களுக்கு மறுபயிற்சி, வேறு வேலை என்று அரசு வழி தேடியது. குடியுரிமை இல்லாதவர்களில் பலர் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் திரும்பினார்கள்.

காலனித்துவத்தை எதிர்த்து வளர்ந்த தலைவர்களே காலனித்துவப் படையிடம் ‘இன்னும் கொஞ்சம் இருங்கள்’ என்று கேட்ட காலம் அது. இதை முரண்பாடு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. தளம் வந்தபோதும் நம்மைக் கேட்கவில்லை, போனபோதும் கேட்கவில்லை. இரண்டு முறையும் நாள் குறித்தது லண்டன். தளத்தின் உண்மையான ஆபத்து வேலிக்குள் நிற்கும் துப்பாக்கியில் இருப்பதைவிட, காலண்டர் யார் கையில் இருக்கிறது என்பதில் அதிகம் இருக்கிறது.

பட்டறையைப் பிரிட்டன் 1968 டிசம்பரில் அடையாளத் தொகையாக 1 வெள்ளிக்குக் கைமாற்றியது. போர்க்கப்பல் பழுதுபார்த்த கைகளே எண்ணெய்க் கப்பல்களைப் பழுதுபார்க்கத் தொடங்கின. 1971 நவம்பர் 1 முதல் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு நடப்புக்கு வந்தது: மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. மலேசியாவையோ சிங்கப்பூரையோ யாராவது தாக்கினால் உடனே கூடிப் பேசுவோம் என்பதுதான் உறுதி. படை அனுப்புவோம் என்பது அல்ல. மலேசிய வாசகர்களுக்கு இது பழக்கமான சங்கதி. பட்டர்வொர்த் விமானத் தளத்தை ஆஸ்திரேலியா 1988இல் மலேசியாவிடம் ஒப்படைத்தது, ஆனாலும் ஆஸ்திரேலியர்கள் அங்கிருந்து முழுதாகப் போய்விடவில்லை. நியூசிலாந்துப் படை செம்பவாங் பக்கம் 1989 வரை இருந்தது.

அட்மிரல்ட்டி சாலையில் கிழக்கே திரும்பினேன். மழைமரங்கள் பந்தல் போட்ட சாலை. இரு பக்கமும் கறுப்பு வெள்ளைப் பங்களாக்கள்; அவற்றில் சிலவற்றில் இன்று அமெரிக்கக் கடற்படைக் குடும்பங்கள் வசிக்கின்றன. பங்களா ஒன்றின் முன் ஒரு சிறுவன் பேஸ்பால் கையுறையோடு பந்தை மேலே எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். செம்பவாங் துறையில் அமெரிக்கக் கடற்படையின் தளவாட அலுவலகம் இயங்குகிறது. ஏழாவது கடற்படைப் பிரிவின் கப்பல்களுக்கு உணவு, எரிபொருள், உதிரிப் பாகம், பழுதுபார்ப்பு ஆகியவற்றை ஏற்பாடு செய்யும் இடம்.

அந்த அலுவலகம் 1992இல் இங்கே வந்தது பிலிப்பீன்சின் சுபிக் விரிகுடாவிலிருந்து. அங்கே அமெரிக்கத் தளம் நீடிக்கலாமா என்று 1991 செப்டம்பர் 16 அன்று மணிலா செனட்டில் வாக்கெடுப்பு. வேண்டாம் என்று 12 பேர், வேண்டும் என்று 11 பேர். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை என்பதால், பதினொன்று போதாது. அந்த ஆண்டுதான் பினாதுபோ எரிமலை வெடித்துச் சாம்பல் தளத்தை மூடியிருந்தது. 1992 நவம்பரில் கடைசி அமெரிக்கக் கப்பல் சுபிக்கைவிட்டுப் புறப்பட்டது. ஒரு நாடு வாக்குப் போட்டு வெளியே அனுப்பியதில் ஒரு பகுதியை இன்னொரு நாடு கதவைத் திறந்து உள்ளே அழைத்தது.

அழைப்பு அதற்கு முன்பே போயிருந்தது. 1989இல் சிங்கப்பூர் முன்வந்தபோது மலேசியாவிலும் இந்தோனீசியாவிலும் புருவங்கள் உயர்ந்தன. 1990 நவம்பரில் தோக்கியோவில் லீ குவான் யூவும் அமெரிக்கத் துணை அதிபர் டான் குவேலும் கையெழுத்திட்டார்கள். இது தளம் அல்ல, நம் வசதிகளை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு என்று சிங்கப்பூர் விளக்கியது. அந்த உடன்பாட்டை 2019 செப்டம்பரில் நியூயார்க்கில் பிரதமர் லீ சியன் லூங்கும் அதிபர் டிரம்ப்பும் 2035 வரை நீட்டித்தார்கள்.

தளமா, வசதியா? சொல் விளையாட்டு என்று சிலர் சிரிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒக்கினாவாவை நினைத்துப் பாருங்கள். ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 விழுக்காடுதான் அந்தத் தீவு; ஜப்பானில் அமெரிக்கப் படைகள் மட்டுமே பயன்படுத்தும் இடங்களின் பரப்பில் சுமார் 70 விழுக்காடு அங்கேதான். ஃபுத்தென்மா விமானத் தளத்தைத் திருப்பித் தருவதாக 1996இல் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக ஹெனோகோ கடலோரத்தில் புதிய தளம் கட்டலாமா என்று 2019இல் கேட்டபோது, வாக்களித்தவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேல் வேண்டாம் என்றார்கள். கட்டுமானம் நிற்கவில்லை. அங்கே முடிவு தோக்கியோவிலும் வாஷிங்டனிலும், விமானச் சத்தம் ஒக்கினாவாவில். இங்கே நிலம் நம்முடையது, தாளில் முடிவு நாள் இருக்கிறது, நீட்டிப்பதற்கு நம் கையெழுத்து வேண்டும். 1968இல் இல்லாதவை இவை.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தென்சீனக் கடலில் நாளை அமெரிக்காவும் சீனாவும் மோதிக்கொண்டால், செம்பவாங்கில் எரிபொருள் நிரப்பிய கப்பலை எந்தக் கணக்கில் வைப்பார்கள்? யாருக்கும் அடிமைப்படாத நண்பன் என்ற நம் நிலையைப் பெய்ச்சிங் அன்றைக்கும் அப்படியே ஏற்குமா? மணிலா செனட்டில் பன்னிரண்டுக்குப் பதினொன்று என்று மல்லுக்கட்டிய கேள்வியை, நாம் கோப்பிக்கடை மேசையில்கூட வைத்துப் பார்த்ததில்லை. 2019இல் அந்தச் செய்தியை வாசித்தவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த செய்தி வானிலை. ஒரு நேயர்கூட அழைத்து எதுவும் கேட்கவில்லை. உடன்பாட்டை ஆதரிக்கிறேன், இந்த அமைதியை ஆதரிக்க முடியவில்லை. 2035இல் தேசிய சேவையில் இருக்கப்போகும் பையன்கள் இப்போது தொடக்கப்பள்ளியில் படிக்கிறார்கள்.

சாலை முடியும் இடத்தில் செம்பவாங் பூங்கா. கடலைப் பார்த்தபடி பியூலியூ ஹவுஸ் என்ற பழைய மாளிகை; போருக்கு முந்தைய ஆண்டுகளில் அதிலும் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகள் தங்கியிருந்தார்கள். பக்கத்துப் படகுத்துறையில் தூண்டில்காரர்கள். எதிரே பாசிர் கூடாங்கின் புகைபோக்கிகள், கையை நீட்டினால் தொடலாம் போல. இந்த நீரிணை எவ்வளவு குறுகல் என்பது வரைபடத்தில் தெரியாது, இங்கே நின்றால்தான் தெரியும்.

பட்டறையை ஒருமுறை வெளியிலிருந்தாவது பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம். அது இடம் மாறியபின் அந்த நிலம் புதிய நீர்முனை வட்டாரமாகும் என்பது திட்டம். கடைகள் வரும், நடைபாதை வரும், உலர் துறையையும் நாம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். படகுத்துறையில் என் பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பெரியவரிடம் இதைச் சொன்னேன். பட்டறையிலேயே முப்பது ஆண்டு வெல்டராக இருந்தவராம். துறை வாயிலைத் திறக்கும்போது கடல் உள்ளே பாயும் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, தூண்டிலைக் கீழே வைத்து, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.