வாடினால் தாகம்தானா?

இலை தொங்கினால் உடனே ஒரு சொம்பு தண்ணீர்! நம்மில் பலருக்கும் இது கைப்பழக்கம். செடி வாடுவதற்கு வறட்சி மட்டுமா காரணம்? வேருக்கும் காற்று வேண்டும். மண் சதா சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகிவிடும். அப்போதும் இலை வாடத்தான் செய்யும்.

எங்கள் சீர்காழிப் பக்கம் களிமண். நெல்லுக்கு உகந்தது, தொட்டிக்கு ஆகாது. ஒரே கற்பூரவல்லியின் மூன்று கிளைகளை மூன்று தொட்டிகளில் வைத்துப் பார்த்தேன். வெறும் களிமண்ணில் வைத்தது தண்டு கறுத்துப் போயிற்று. வெறும் மணலில் வைத்தது பிழைத்ததே தவிர, வளரவில்லை. மண், மணல், மக்கிய எரு மூன்றும் சமமாகக் கலந்து வைத்ததோ தளதளவென்று வந்தது.

2022 நவம்பரில் இங்கே ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியதே, அதற்குப் பின் மாமியார் ஆசையாய் வைத்த தொட்டித் துளசி துவண்டது. "தண்ணி ஊத்தேம்மா" என்றார். மண்ணைத் தொட்டால் சேறு! அடித் துவாரத்தைக் குச்சியால் குத்திவிட்டு, திண்ணையில் ஏற்றி, தண்ணீரை நிறுத்தினேன். அவருக்கு மனசே ஆறவில்லை. பத்தாம் நாள் கணுவில் துளிர் கண்டதும்தான் சிரித்தார்.

விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் சொம்பைக் கீழே வையுங்கள். துவாரத்தின் மேல் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து, பிறகு மண் போடுங்கள். அடித்தட்டில் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் கொசு வளர்க்கலாமா?