விதியும் விளைவும்

விதியை அறிந்தவன் விளைவையும் முன்னரே அறிவான் என்பது அறிவியலுலகில் நெடுங்காலம் நிலவிய நம்பிக்கையாகும். விசைகள் அனைத்தையும் பொருள்களின் நிலைகள் அனைத்தையும் ஒருகணத்தில் அறிந்து கணிக்கவல்ல பேரறிவு ஒன்று உளதாயின், அதன் கண்முன் எதிர்காலமும் விரிந்து கிடக்கும் என 1814 இல் பிரெஞ்சு அறிஞர் லப்பிளாஸ் எழுதினார். இக்கருத்தைச் சீர்தூக்கிப் பார்க்கச் சதுரக்கோட்டுக் கொப்பியும் பென்சிலுமே போதும்.

முதல் நிரையில் ஒரு கட்டம் மட்டும் கருமையாக்கப்படுகின்றது. அடுத்த நிரையின் ஒவ்வொரு கட்டத்தையும், அதற்கு நேர்மேலுள்ள கட்டமும் அக்கட்டத்தின் இரு அயல்களும் தீர்மானிக்கின்றன. இம்மூன்றும் எட்டு வகையாக அமையலாம். ஒவ்வொரு வகைக்கும் கருமை, வெண்மை என இரு விடைகள் உள. ஆகவே, அமையக்கூடிய விதிகள் 256. ஒருபரிமாணக் கலத் தன்னியக்கிகள் எனப்படும் இவற்றை 1980களில் ஸ்டீபன் வொல்பிரம் எண்ணிட்டு, கணனியின் துணையுடன் முறையாக ஆராய்ந்தார்.

90 ஆம் விதியின்படி, இரு அயல்களுள் ஒன்று மட்டும் கருமையாயின் புதிய கட்டமும் கருமையாகும். இதனால் முக்கோணிக்குள் முக்கோணியாக விரியும் அழகிய கோலம் தோன்றுகின்றது. பஸ்காலின் முக்கோணியில் ஒற்றை எண்கள் நிற்கும் இடங்களே இங்குக் கருங்கட்டங்களாகின்றன. எனவே, 1024 படிகள் சென்றதும் இரு முனைகள் மட்டுமே கருமையாயிருக்கும் என்பதை வரையாமலே கூறிவிடலாம்.

30 ஆம் விதியோ வேறொரு கதை சொல்கின்றது. நேர்மேலுள்ள கட்டமோ அதன் வல அயலோ கருமையாயின், புதிய கட்டம் இட அயலின் நிறத்துக்கு மாறான நிறத்தைப் பெறும்; இன்றேல், இட அயலின் நிறத்தையே பெறும். விதி இவ்வளவே. ஆயினும், இடப்புற ஓரத்தில் ஒழுங்கான சாய்கோடுகள் தெரிய, நடுவிலும் வலப்புறத்திலும் சிறிதும் பெரிதுமான முக்கோணிகள் முறையின்றிச் சிதறிக் கிடக்கின்றன. நடுநிரலின் நிறங்கள் என்றேனும் ஒரு சுழற்சிக்குள் அடங்குமா என்ற வினாவுக்கு விடை காண்போருக்கு வொல்பிரம் 2019 இல் பரிசு அறிவித்தார். அந்நிரலைக் கணிக்கக் குறுக்குவழி எதுவும் புலப்படவில்லை. நிரை நிரையாக வரைந்தே செல்லவேண்டியுள்ளது.

இங்கு மறைபொருள் எதுவுமில்லை, தற்செயலுக்கும் இடமில்லை. இருந்தும், லப்பிளாஸின் பேரறிவும் இவ்வழியைப் படிப்படியாக நடந்தே கடக்கவேண்டும் போலும். மூன்று கட்டங்களின் விதியே இத்தகையதாயின், மனித சமுதாயத்தின் நாளையை ஒரு சூத்திரத்தால் உரைக்க முற்படுவோர் சற்றுத் தயங்குதல் தகும்.