லூயிவில் நகரில் ஒரு மாலைப்பொழுது

ஒகையோ நதியின் தென்கரையிலே அமைந்த லூயிவில் நகரில், முன்னாளில் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் இல்லத்திலே தங்கினோம். நாம் உள்ளே நுழைந்ததும் அவர் மேசைமீதிருந்த போத்தலொன்றை அவசரமாக அலுமாரிக்குள் மறைத்தார்.

"மறைப்பானேன், தம்பி? கென்டக்கியின் கைத்தொழிலைக் காணத்தானே வந்தோம்" என்றோம்.

அது பேர்பன் விஸ்கி. அதற்குரிய தானியக் கலவையில் நூற்றுக்கு 51 பங்கேனும் சோளமாயிருத்தல் வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாவில் அது முதிர வேண்டும். இப்பகுதியின் சுண்ணக்கல் நீரில் இரும்புச் சத்துக் குறைவு என்பதும் ஒரு சிறப்பாம். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரும் சுண்ணக்கல்லில் ஊறுவதுதான். நாம் அதிலே தேநீர் காய்ச்சுவதோடு நின்றுவிட்டோம்!

கனிந்த பீச்சுப் பழத் துண்டுகள் மூன்றை மரக்கட்டையால் நசித்து, அரைத் தேசிக்காயின் சாறும் ஒரு தேக்கரண்டி சீனியும் இட்டு, இரண்டு அவுன்ஸ் விஸ்கி வார்த்தார். பின்னர் ஐஸ்கட்டிகள் சேர்த்து, பாத்திரத்தின் வெளிப்புறம் வேர்க்கும்வரை மூடிக் குலுக்கி, புதிய ஐஸ்கட்டிகள்மீது வடித்தார். பொன்னிறமும் பழவாசனையும் கண்ணையும் மூக்கையும் கவர்ந்தன என்பதை ஒளிப்பானேன்?

நமக்கு விஸ்கியை மட்டும் நீக்கி, மற்றெல்லாம் அவ்வாறே சேர்த்து ஒரு கிளாஸ் தந்தார். புளிப்பும் இனிப்பும் அளவோடு அமைந்திருந்தன. அவரோ தம்முடையதைத் தொடவில்லை.

"உங்களுக்கு முன்னால் எப்படிச் சேர்..." என்று தலைகுனிந்தார்.

அவருடைய கிளாஸில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. நதியைப் பார்த்து வருவதாகக் கூறி எழுந்தோம். திரும்பியபோது இரு கிளாஸ்களும் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன.