பாலும் சுண்ணாம்பும் காத்த சிலைகள்

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் உள்ள வெல்ஸ் என்னும் சிறு நகரின் பேராலயத்தைக் காணச் செல்வோர், உள்ளே நுழையுமுன் அதன் மேற்கு முகப்பின் எதிரே நெடுநேரம் நின்றுவிடுவர். 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த அம்முகப்பில் அப்போஸ்தலர், ஆயர், அரசர் என ஏறத்தாழ 300 இடைக்காலச் சிலைகள் இன்றும் நிற்கின்றன.

சுண்ணக்கல்லில் செதுக்கப்பெற்ற அவை மழையாலும் புகையாலும் பொரிந்து உதிரத் தொடங்கின. புதியன செய்து வைப்பதா? சிமெண்டால் ஒட்டுவதா? சிமெண்டு அக்கல்லைவிடக் கடினமானது. உள்ளே ஊறிய ஈரத்தை எளிதில் வெளிவிடாது. ஒட்டிய இடம் நிலைக்க, அடுத்துள்ள பழங்கல்லே உதிர்ந்துபோகும்.

1974 முதல் 1986 வரை நடந்த பணியில், ராபர்ட் பேக்கர் என்பாரின் வழிகாட்டலில் பழைய பொருளையே நாடினர். குழைத்த சுண்ணாம்பைச் சிலைமேல் கனமாக அப்பி, சாக்கினால் போர்த்திச் சில வாரங்கள் ஈரம் காயாது காத்தனர். நோயாளிக்குப் பற்றுப் போடுவது போலத்தான். பற்றை நீக்கியபின் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஏறத்தாழ 40 முறை தெளித்தனர். வெடிப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தனர். இறுதியில் சுண்ணாம்பும் கல்தூளும் ஆடை நீக்கிய பாலும் கலந்த மெல்லிய பூச்சைத் தேய்த்து ஏற்றினர். பாலிலுள்ள புரதம் பூச்சைக் கல்லோடு பிணைக்கும்.

சுண்ணாம்பு நீர் கல்லின் உட்புறத்தை உண்மையிலேயே உறுதியாக்கிற்றா என்பதில் ஆய்வாளர் பின்னர் ஐயங்கொண்டனர். மேற்பூச்சோ மழையின் அரிப்பைத் தானே ஏற்றுத் தேய்கிறது. தேய்ந்தபின் மீண்டும் பூசலாம்.