பின்னோக்கிச் சென்ற படகு

கல்லூரியில் நான் கற்பிப்பது பௌதிகம். சுழற்சி, உந்தம், எதிர்விசை என்று கரும்பலகையில் எழுதி இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. ஆயினும், ஒரு சிறு படகைப் பத்து முழம் பின்னோக்கிச் செலுத்த இயலாமல் நான் திகைத்து நின்ற நாள் ஒன்றுண்டு.

2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் என் தமக்கையாரைக் காண இங்கிலாந்து சென்றிருந்தேன். சவுதாம்ப்டன் நகருக்கு அண்மையில் ஹாம்பிள் என்றோர் ஆறு கடலோடு கலக்கிறது. அதன் இறங்குதுறைகளிற் பாய்ப்படகுகள் நெருக்கமாய்க் கட்டப்பட்டு நிற்கும். என் பழைய மாணவர் ஒருவர் அங்கே படகு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறார். அவரிடம் முப்பதடி நீளமான பாய்ப்படகொன்று இருந்தது. காற்றில்லாத வேளைக்கும், துறைக்குள் வந்து போவதற்குமென அதில் ஒரே ஒரு டீசல் இயந்திரம்.

"நீங்களே வெளியில் எடுத்துப் பாருங்கோ, சேர்" என்று சுக்கான் பிடியை என்னிடம் தந்தார்.

படகின் பின்புறம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அதற்கேற்பச் சுக்கானைத் திருப்பிப் பின்கியரைப் போட்டேன். பின்புறமோ இடப்பக்கம் நகர்ந்தது. சுக்கானை இன்னும் திருப்பி, விசையையும் கூட்டினேன். முன்னிலும் வேகமாக இடப்பக்கமே சென்றது. அயற்படகு ஒரு முழத் தூரத்திற்கு வந்துவிட்டது. மாணவர் பதறாமல், காற்றடைத்த மிதவையொன்றை இரு படகுகளுக்கும் நடுவே இறக்கினார். "விசையை எடுத்துவிடுங்கோ, சேர்" என்றார். அவர் குரல் உயரவில்லை.

பின்னர் காரணத்தை விளக்கினார். இத்தகைய படகுகளிற் பெரும்பாலானவற்றில், பின்னாலிருந்து பார்க்க, முன்னே செல்லும்போது புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும். பின்கியரில் இடஞ்சுழியாகச் சுற்றும். அப்போது அது முன்னோக்கி எறியும் சுழல்நீர் படகுடலின் வலப்பக்கத்தில் மோதிப் பின்புறத்தை இடப்பக்கம் தள்ளுகிறது. சுழல்தண்டு சரிந்திருப்பதும் இதனைக் கூட்டும். முன்னே செல்லும்போது, புரொப்பெல்லர் எறியும் நீர் சுக்கானின் மேலே பாய்வதால், சிறு இழுப்பைச் சுக்கான் திருத்திவிடும். பின்கியரிலோ அந்த நீர் எதிர்த்திசையிற் போய்விடுகிறது. படகு அசையும்வரை சுக்கான் வெறும் பலகையே. விசையைக் கூட்டக் கூட இழுப்புத்தான் கூடும், திருத்தம் கூடாது.

"சிறிது விசை கொடுங்கோ. படகு நகரத் தொடங்கியதும் கியரை எடுங்கோ. பிறகு சுக்கான் சொல்வதைப் படகு கேட்கும்" என்றார். அவ்வாறே செய்தேன். இயந்திரத்தின் தள்ளல் ஓய்ந்தது. எஞ்சிய ஓட்டத்தில் நீர் சுக்கானைத் தழுவியது. படகு மெல்ல வலப்பக்கம் வளைந்து வெளியேறியது.

மாலையிற் திரும்பி வந்தபோது, அதே இழுப்பை அவர் ஏவலாளாக்கியதையும் கண்டேன். படகின் இடப்பக்கம் துறையை நெருங்கியதும் ஒரு கணம் பின்கியர் கொடுத்தார். படகு நின்றது, பின்புறம் தானாகவே துறையோடு சேர்ந்தது.

அப்போதுதான் பழைய நினைவொன்று என்னை வருத்தியது. நான் ஆசிரியத் தொழிலுக்குப் புதியவனாயிருந்த காலத்தில் இவர் கணிதத்தில் மிகவும் பின்தங்கியிருந்தார். வகுப்பின் முன்னிலையில் அவரைக் கடிந்துகொண்டேன். அவர் ஒதுங்கினார். இன்னும் கடிந்தேன், இன்னும் ஒதுங்கினார். ஈற்றில் என் பாடவேளைகளில் வகுப்பிற்கு வராமலே விட்டார். அது அவருடைய பிடிவாதம் என்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன்.

"தம்பி, அந்த நாளில் உம்மிடத்தில் நான் விசையைத்தான் கூட்டினேன்" என்றேன்.

அவர் சற்று நேரம் நீரைப் பார்த்தார். பின்பு புன்னகைத்து, "கயிற்றைப் பிடியுங்கோ, சேர். கட்டுவம்" என்றார்.

ஊர் திரும்பிய பின், வகுப்பில் ஒரு பிள்ளை நின்றுவிட்டால் நான் குரலை உயர்த்துவதில்லை. அவனால் இயலக்கூடிய சிறு கணக்கொன்றை முதலிற் கொடுக்கிறேன். அவன் நகரட்டும், சுக்கானைப் பிறகு திருப்பலாம்.